திண்ணையில் பேசாத ஒரு விஷயம்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்ததும் தென்காசிக்குப் போயிருந்தேன். பெரியம்மா வீட்டுத் திண்ணையில் வழக்கம்போல நாலைந்து பேர் மடியில் தட்டை வைத்துப் பீடி சுத்திக்கொண்டு இருந்தார்கள். சீட்டுப் பணம், ரேஷன், கல்யாணம் என்று பேச்சு ஓடியது. ஒருத்தியின் இடம் மட்டும் காலி. "கர்ப்பப்பையில கேன்சராம். ஒரு வருஷமா ரத்தம் பட்டிருக்கு, யாருட்டயும் சொல்லல" என்றார் பெரியம்மா, குரலைத் தாழ்த்தி. அந்த ஒரு வருஷமும் அவர் இதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். தொற்றிய இடம் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் புற்று வராமலே தடுக்கலாம். சோதனையும் எளிது. வினிகரில் இருக்கிற அதே அசெட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து கருப்பை வாயில் தடவுவார்கள். கோளாறான இடம் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துச் சொல்லிவிடலாம்.

இது பலன் தருமா என்று 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனைக்கு அழைக்காத ஊர்களைவிட இந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராமல் இருந்தும் இந்தப் பலன்!

இன்று 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தச் சோதனை இலவசம். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இதைச் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இத்தனையும் படித்து வைத்திருக்கிற நானும் அந்த மீதித் தொண்ணூறில்தான் இருக்கிறேன். எனக்கு 34 வயது.

இதையெல்லாம் திண்ணையில் சொன்னேன்.

"ஏட்டி, வலிக்குமா?"

"கொஞ்சம் கூச்சமா இருக்குமாம், அவ்வளவுதான் பெரியம்மா."

"பொம்பள நர்ஸுதான பாப்பா?" கேட்டுவிட்டு இன்னொரு இலையை எடுத்தார். "அப்ப எல்லாரும் சேந்தே போவோம். ஒத்தையில போனாத்தான் ஊரு என்ன சீக்குன்னு கேக்கும்."

திங்கட்கிழமை போகிறோம். ஆறு பேர், என்னையும் சேர்த்து.