ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் ஓட்டம்

லே நகரத்து மாடிகளில் நின்று தெற்கே நோக்குவோருக்குச் சிந்து நதிப் பள்ளத்தாக்கிற்கு அப்பால் பனி மூடிய சிகரம் ஒன்று தெளிவாகத் தென்படும். அதுவே 6,153 மீட்டர் உயரமுள்ள ஸ்டோக் காங்ரி. கயிறு கட்டிப் பாறையேறும் தேர்ச்சி இதற்குப் பெரிதும் வேண்டியதில்லை என்பதால், ஆறாயிரம் மீட்டரைக் கடந்த சிகரங்களுள் இது எளியது என்ற பெயர் பரவிற்று. அப்பெயரே பின்னர் அதற்குத் தீங்காக முடிந்தது. முதலில் நடந்து ஏறுவோர் வந்தனர். நான்கைந்து நாட்களில் செய்ய வேண்டிய ஏற்றத்தை ஓட்டமும் நடையுமாக விரைந்து முடிக்க விழைவோர் பின்னர் வரலாயினர்.

மலையோட்டம் இன்று உலகின் பல பகுதிகளில் பரவியுள்ள விளையாட்டு. லடாக்கில் 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பால் நேர்ந்த பெருவெள்ளம் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பின் 2012-இல் முறையான நெடுந்தூர ஓட்டப் போட்டிகள் லேயில் தொடங்கப்பட்டன. அவற்றுள் கடினமானவற்றில் ஒன்று கர்துங் சிற்றூரிலிருந்து கர்துங் லா கணவாயைக் கடந்து லேயை அடையும் 72 கிலோமீட்டர் ஓட்டம். கணவாயின் உயரம் 18,380 அடி என அங்கு நாட்டப்பட்ட பலகை நெடுநாள் பெருமை பேசி வந்தது. அளவைகளின்படி அது 17,600 அடியை ஒட்டியதே. ஓடுபவரின் நுரையீரலுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டன்று என்பது வேறு செய்தி.

காற்றின் கணக்கு

மலை மீது காற்றில் பிராணவாயு குறைவு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது முற்றிலும் சரியன்று. கடற்கரையிலும் சிகரத்திலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு ஒன்றே. ஏறத்தாழ 21 விழுக்காடு. குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம், லேயின் 3,500 மீட்டர் உயரத்தில் 495-ஐ ஒட்டியும், ஸ்டோக் காங்ரி உச்சியில் 360-ஐ ஒட்டியும் நிற்கிறது. உள்ளிழுக்கும் காற்று மூச்சுக்குழலில் ஈரமடைகையில் நீராவி தன் பங்காக 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு உயரம் சென்றாலும் இந்த 47 குறைவதில்லை. ஆகவே, மூச்சில் பிராணவாயுவின் அழுத்தம் கடற்கரையில் 150 எனில், லேயில் 94. சிகரத்தில் 66 மட்டுமே. வெளிக்காற்றின் அழுத்தம் குறையும் விகிதத்தை விட நுரையீரலுக்குக் கிட்டுவது இன்னும் கூடுதலாகவே குறைகிறது.

இனி ஓட்டத்திற்கு வருவோம். ஸ்டோக் கிராமம் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கிருந்து உச்சியை அடையத் தம் உடலை 2,550 மீட்டர் உயர்த்தியாக வேண்டும். இந்த வேலையின் அளவு 360 கிலோகலோரியை ஒட்டியதே. ஆனால் தசைகள் தாம் எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுவதால், 1,400 கிலோகலோரிக்கு மேல் செலவாகிறது. மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறுவதானால், கிலோ எடைக்கு நிமிடம் ஒன்றுக்கு 23 மில்லிலிட்டர் பிராணவாயு வேண்டும். நல்ல பயிற்சியுள்ள ஒருவரால் கடல் மட்டத்தில் 45 மில்லிலிட்டர் வரை பயன்படுத்த இயலும் என்று கொண்டால், ஆறாயிரம் மீட்டரில் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். அதாவது, சமவெளியில் பேசிக்கொண்டே செய்யக்கூடிய ஏற்றம், சிகரத்தருகே அவருடைய முழுத் திறனையும் விழுங்கிவிடுகிறது. செங்குத்தான சரிவுகளில் முன்னணி வீரர்களும் முழங்கால்களில் கையூன்றி நடப்பதன் காரணம் இதுவே. 'ஓட்டம்' என்பது அங்கு ஓரளவு மரியாதைப் பெயர்.

பழகுதலும் பழகாமையும்

உயரத்திற்கு உடல் பழகுவது படிப்படியாக நிகழ்கிறது. முதலில் மூச்சு ஆழமாகிறது. அதனால் இரத்தத்தில் காரத்தன்மை மிகுகிறது. அதைச் சிறுநீரகங்கள் சரிசெய்யச் சில நாட்கள் ஆகின்றன. சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். இவற்றில் எதையும் பணமோ மனத்திடமோ விரைவுபடுத்த முடியாது.

இவ்வுண்மையை நம் நாடு பெருவிலை கொடுத்தே கற்றது. 1962-இல் சமவெளியிலிருந்து படைவீரர்கள் அவசரமாக உயரங்களுக்கு அனுப்பப்பட்டபோது, பலர் எதிரியைக் காணுமுன்பே நோயுற்றனர். அதன் பின் இராணுவ மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகள் உலகளவில் மதிக்கப்படுபவை. 1,925 இந்திய வீரர்களிடம் காணப்பட்ட மலைநோயைப் பற்றி 1969-இல் வெளியான கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இன்று படையினர் பின்பற்றும் முறை இது: 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாட்கள், 15,000 அடி வரை மேலும் நான்கு, அதற்கு மேல் மற்றொரு நான்கு. துப்பாக்கி ஏந்திய வீரனுக்கே பதினான்கு நாட்கள் வேண்டியிருக்க, ஒரு வார விடுமுறையில் வரும் ஓட்டக்காரருக்கு எத்தனை நாட்கள் போதும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உடல்வலிமை இந்நோயிலிருந்து காப்பதில்லை. வலிமையுள்ளவர் விரைந்து ஏறுகிறார். விரைந்து ஏறுவதே ஆபத்து. வந்து சேர்ந்த முதற் சில நாட்களில் கடும் உழைப்பில் ஈடுபடுவோருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். அதற்கு முதன்மையான சிகிச்சை கீழே இறக்குவதே. உடன் பிராணவாயு அளிக்க வேண்டும். இக்கட்டுரையாளர் அலுவல் நிமித்தம் முதன்முறை லே சென்றபோது, டில்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் விமானம் கொண்டு சேர்த்ததை வியந்து, அன்று மாலையே அரண்மனைக் குன்றில் ஏறினார். இரவு முழுதும் தலைவலியும் குமட்டலும் அவரை உறங்கவிடவில்லை. மறுநாள் நடைபெறவிருந்த கூட்டத்தில் அவர் பேசியதாகக் குறிப்பேட்டில் உள்ளது, அவருக்கு நினைவில்லை.

லடாக் போட்டிகளில் முன்னணி இடங்களைப் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களும் பெண்களுமே பெறுவதில் வியப்பில்லை. இவ்வுயரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வாய்த்த நலம் அது.

சிகரமும் கிராமத்தின் தண்ணீரும்

உடலைப் பற்றிய செய்தி இவ்வளவே. பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் எனக்கு இதனினும் முக்கியமாகப் படுவது தண்ணீர். லேயில் ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். ஸ்டோக் மக்கள் பருகுவதும், பார்லியும் பட்டாணியும் விளைவிப்பதும், சிகரத்தின் அடியிலிருந்து உருகி வரும் ஓடை நீரைக் கொண்டே. லடாக் கிராமங்களில் 'சூர்பொன்' என்பவர் வயல்தோறும் நீரை முறைவைத்துப் பங்கிடுவார். நம் ஏரிப் பாசனத்து நீர்க்கட்டியைப் போன்றவர் அவர். இத்துணைச் சிக்கனமாகப் பங்கிடப்படும் நீரின் தலைமடையில் மலையேறுவோரின் முகாம் அமைந்தது. மனிதக் கழிவும், மட்டக்குதிரைகளின் சாணமும், விட்டெறிந்த குப்பையும் ஓடையை அடைந்தன. பனியாறும் சுருங்கி வந்தது. கிராமத்தாரின் முயற்சியால், 2020 முதல் மூன்றாண்டுகளுக்குச் சிகரம் ஏறுவோருக்கு மூடப்படும் என 2019 இறுதியில் அறிவிக்கப்பட்டது. சுமைக்குதிரைக்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் இதனால் வருமான இழப்பு உண்டு என்பது அறிந்தே எடுத்த முடிவு இது.

இங்கு ஒரு முரண்பாடு எழுகிறது. ஒரே நாளில் ஓடி ஏறி இறங்குபவர் முகாமில் தங்குவதில்லை. ஓடைக்கு அவரால் நேரும் கேடு குறைவு. எனவே ஓட்டக்காரரை மட்டும் அனுமதிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆனால், அவர் உடலைப் பழக்கும் நாட்களை எங்கேனும் கழித்தாக வேண்டும். முறைப்படி பழகினால் அந்நாட்கள் லே விடுதிகளில் கழியும். நீரே வேண்டாத உலர் கழிப்பறை மரபு இருந்த அந்நகரில், இன்று விடுதிகள் நிலத்தடி நீரை இறைத்துக் குழாய்க் கழிப்பறைகளுக்கு ஊற்றுகின்றன. அண்மைய ஆண்டுகளில் ஓராண்டில் லடாக் வருவோர் தொகை, 2011 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்த 2,74,289 பேரையும் மிஞ்சியுள்ளது. பழகாமல் ஓடினாலோ, அவரைச் சுமந்திறக்கச் செல்வோர் அதே ஸ்டோக் கிராமத்து இளைஞர்கள். எவ்வாறாயினும் செலவு உள்ளூராரைச் சேர்கிறது. நுழைவுக் கட்டணத்தில் அது இதுகாறும் கணக்கிடப்பட்டதாகத் தெரியவில்லை. ஆண்டுக்கு எத்தனை பேர் மேலே செல்லலாம் என்பதை ஓடையின் கோடைக்கால நீரளவைக் கொண்டே வகுக்க வேண்டும் என்பதும், அதை வகுக்கும் கூட்டத்தில் சூர்பொன்னுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்பதும் என் கருத்து.