மரத்தில் அறைந்த ஆணி

விண்ணப்பங்களாலும் வழக்குகளாலும் காடுகளைக் காக்க முடியவில்லை என்று மனம் சலித்த அமெரிக்கர் சிலர் 1980இல் ‘எர்த் ஃபர்ஸ்ட்’ இயக்கத்தைத் தொடங்கியபின் அவ்வியக்கத்தார் கைக்கொண்ட உபாயங்களுள் மிகக் கடுமையானது, வெட்டப்படவிருக்கும் மரங்களில் நீண்ட ஆணிகளை அறைந்துவிட்டு அச்செய்தியை மரம் வெட்டும் கம்பெனிக்கு அறிவித்துவிடுவதாகும். ஆலையின் ரம்பம் ஆணியில் பட்டால் உடைந்து சிதறும். ஆகவே நஷ்டத்துக்கு அஞ்சி முதலாளி அக்காட்டையே விட்டுவிடுவான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ரம்பத்துக்கு எதிரே நிற்பவன் முதலாளி அல்லன் என்ற ஒன்றை மட்டும் அக்கணக்கு மறந்துவிட்டது.

1987 மே மாதம், கலிபோர்னியாவில் கிளோவர்டேல் என்னும் ஊரிலிருந்த ஆலையில், ரெட்வுட் கட்டைக்குள் புதைந்திருந்த ஆணியில் மோதிய ரம்பம் அறுந்து தெறித்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த 23 வயதுத் தொழிலாளி ஒருவரின் தாடையை உடைத்துப் பற்களைப் பெயர்த்தது. ஆணியை அறைந்தவர் யார் என்பது நிரூபணமாகவே இல்லை. ஆயினும் பழி இயக்கத்தின் தலையில்தான் விழுந்தது. ரம்பம் முன்னமே பழுதுற்றுக் கிடந்தது என்று குறைகூறிய அத்தொழிலாளி, இயக்கத்தைத் தூற்றும் கம்பெனியின் பிரசாரத்துக்குத் துணைபோக மறுத்துவிட்டதை எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்!

தச்சுத் தொழிலும் தொழிற்சங்கப் பழக்கமும் உடைய ஜூடி பாரி என்னும் பெண்மணி, மரம் வெட்டுபவர்களைப் பகைத்துக்கொண்டு காட்டைக் காக்க இயலாதென்று வாதாடியதன் பயனாக, இயக்கத்தின் வட கலிபோர்னியாக் கிளையினர் 1990இல் ஆணி அறைவதைப் பகிரங்கமாகக் கைவிட்டனர். ஆனால் கெட்ட பெயர் அத்தனை எளிதில் ஒழிவதா? அவ்வாண்டு மே 24ஆம் தேதி, ஓக்லாந்து நகரில் அவருடைய காரில் யாரோ வைத்த குண்டு வெடித்துப் படுகாயமுற்ற அவரையே, குண்டு கடத்தியவர் என்று போலீசார் கைது செய்தனர். குற்றச்சாட்டு நிலைக்கவில்லை; அவர் 1997இல் காலமான பிறகு, 2002இல்தான், எஃப்.பி.ஐ.யும் ஓக்லாந்து போலீசும் அவருடைய உரிமைகளைப் பறித்தன என்று ஜூரிகள் தீர்ப்பளித்து, 44 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தனர்.

தீவிரமே ஆகாது என்பது என் கட்சியன்று. தீவிரத்தின் அபாயத்தைச் சுமப்பவர் யார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. அதைப் போராடுகிறவரே ஏற்கும்போது எதிரியும் பேச்சுக்கு இறங்கி வருகிறான், வேறொருவன் தாடைமீது ஏற்றும்போது நண்பரும் விலகிப்போகின்றனர். அதே வட கலிபோர்னியாவில், 1997 டிசம்பரில் ஜூலியா பட்டர்ஃபிளை ஹில் என்னும் இளம்பெண், ‘லூனா’ என்று பெயரிடப்பட்ட பழைய ரெட்வுட் மரத்தின்மேல் ஏறி, புயலும் குளிரும் தாங்கி, 738 நாள் இறங்காமலே வாழ்ந்தார். அம்மரத்தையும் அதைச் சுற்றியுள்ள சிறிது காட்டையும் வெட்டுவதில்லை என்று 1999 டிசம்பரில் அதை வெட்டவிருந்த கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது.