வயதும் கொள்கையும்



"வயதாகிவிட்டது, அப்பாவுக்குத் துணிச்சல் போய்விட்டது" என்கிறான் மகன். "இவனுக்குப் பட்டறிவு போதாது" என்கிறார் தந்தை. சங்கம், சம்பளம், தேர்தல் என்று பேச்சு எழும்போதெல்லாம் பல வீடுகளில் இந்த வழக்கு நடக்கிறது. வயது ஏற ஏற மனிதனின் அரசியல், பொருளாதாரக் கருத்துகள் ஏன் மாறுகின்றன? நம் தோட்டங்களின் வரலாற்றைக் கொண்டே பார்ப்போம்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல். மே மாதத்தில் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அப்போது 20 வயதாயிருந்த தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். 1960இல் அவருக்கு வயது 39. மனைவி, மக்கள், வயதான பெற்றோர் அனைவரும் லயத்து வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீடோ வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். அந்த ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன.

அதற்கு மாற்றாக, 1960இல் அன்றைய ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிரிக்பீல்ட்ஸில் இன்று சாலைப் பெயராக விளங்குபவர் அவரே. தொழிலாளர் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தனர். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

20 வயதில் "கூலியை உயர்த்து" என்றவர், 39 வயதில் "நிலத்தை வாங்குவோம்" என்கிறார். 55 வயதை நெருங்கும்போது சேமநிதிப் பணத்தையும் கடைச் சாமான் விலையையும் கணக்கிடுகிறார். கோழையாகிவிட்டாரா? இல்லை. இழக்கக்கூடியவை பெருகியதால் வழி மாறியது. மானத்தோடு வாழவேண்டும் என்ற நோக்கம் மாறவில்லை. கிள்ளானில் தொழிற்சாலைக்குப் போகும் மகன் வேலையை விட்டால், வாடகை அறையை உடனே காலி செய்யவேண்டியதில்லை. ஆகவே அவனால் உரக்கப் பேச முடிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இளமையில் கண்ட பெரு நிகழ்ச்சிகள் மனத்தில் ஆழப் பதிந்து, பின்னாளில் காண்பவற்றையெல்லாம் அளக்கும் கோலாகின்றன. கார்ல் மன்ஹைம் என்ற சமூகவியல் அறிஞர் 1928இலேயே தலைமுறைகளைப் பற்றி இதனை விளக்கினார். துப்பாக்கிச் சத்தத்தை 20 வயதில் கேட்டவர்களில் ஒருவர் வாழ்நாள் முழுதும் அடங்கியிருக்கலாம். மற்றொருவர் 60 வயதிலும் துரைமார் சொல்லை நம்பாமலிருக்கலாம். ஆகவே வயது மட்டும் கொள்கையை முடிவு செய்வதில்லை.

2021 டிசம்பர் முதல் நம் நாட்டில் 18 வயதிலேயே வாக்குரிமை கிடைக்கிறது. தாத்தாவும் பேத்தியும் ஒரே நாளில் வாக்களிக்கலாம். அதற்கு முன் இருவரும் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்கட்டும். "உங்கள் இருபது வயதில் என்ன பார்த்தீர்கள், தாத்தா?" என்று பேத்தி கேட்கலாம். "எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறாய், அம்மா?" என்று தாத்தா கேட்கலாம். விடை தெரிந்த பின் கருத்து வேறுபாடு இருந்தாலும் பகை இராது.