காய்ந்த புண்ணும் ஆறிய புண்ணும்

‘புண் ஆறிவிட்டது’, ‘புண் காய்ந்துவிட்டது’ என்னும் இரு தொடர்களையும் நாம் ஒரே பொருளில் வழங்கி வருகிறோம். இவை ஒன்றல்ல. காய்தல் என்பது ஈரம் நீங்குதல், மேற்பரப்பில் நிகழ்வது. ஆறுதல் என்பது படிப்படியாகத் தணிதல். சூடான பாலுக்கும் துயரத்துக்கும் அச்சொல்லையே ஆள்கிறோம்.

மருத்துவம் கூறும் ஆறுதலும் படிப்படியானதே. முதலில் குருதி உறைகிறது. அடுத்து வெள்ளணுக்கள் திரண்டு கிருமிகளை அழிக்கின்றன. சிவப்பும் வீக்கமும் அதன் அடையாளங்கள். பின்னர்ச் செந்நிறப் புதுத்தசை குழியை நிரப்ப, விளிம்பிலிருந்து தோலணுக்கள் நகர்ந்து வந்து மூடுகின்றன. இறுதியாகக் கொலாஜென் இழைகள் பல மாதங்கள் சீரமைகின்றன. எனினும், ஆழ்ந்த புண்ணின் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் பெறுவதில்லை. திருக்குறளின் 129ஆம் குறள் ஆறுவதைப் புண் என்றும் ஆறாததை வடு என்றும் பிரித்து வழங்குவது இங்கு எண்ணத்தக்கது.

புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டங்களில் பால்மரம் சீவியோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. பட்டையளவில் சீவினால் புதுப்பட்டை சீராக வளரும்; கத்தி கட்டையைத் தொட்டால் அவ்விடம் முண்டும் முடிச்சுமாகும். மேல்தோல் சிராய்ப்பு தடமின்றி மறைவதும், ஆழ்வெட்டு தழும்பாவதும் அவ்வாறே.

‘காற்றுப்பட விட்டால் புண் காயும்’ என்பது நம்மிடையே வேரூன்றிய கருத்து. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர், பன்றிகளின் மேலோட்டமான புண்களுள் சிலவற்றை நெகிழித்தாளால் மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்து ஒப்பிட்டார். மூடியவை ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகத் தோல் மூடின. பொருக்குத் தட்டிய இடத்தில் தோலணுக்கள் அதன் அடியில் ஈரம் தேடி நகர வேண்டியிருப்பதே தாமதத்துக்குக் காரணம். ஆகவே, சிறு புண்ணைத் தூய நீரில் கழுவி, தூய கட்டிட்டு, நனைந்தால் மாற்றுதல் வேண்டும். காப்பித்தூளும் சாம்பலும் இடுதல் கூடாது.

இனிப்புநீர் உள்ளோர்க்கு இவ்வேறுபாடு உயிர்நாடி. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களுள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர்க்கு இந்நோய் உண்டு. உணர்வு குன்றிய காலில் செம்பனை முள் தைத்தாலும் வலி தோன்றாது. மேலே காய்ந்திருக்க, உள்ளே சீழ் பிடிக்கும். நாள்தோறும் பாதத்தைப் பார்த்தலும், புண் கண்டவுடன் கிளினிக்கு செல்லுதலும் காலைக் காக்கும்.

புண்ணைக் கண்டால் ‘காய்ந்ததா’ என்று வினவாது, ‘ஆறியதா’ என்று வினவுவோமாக.