வீட்டு சர்வர்: விளம்பரம் சொல்லாத மறுநாள்

கூகுள் போட்டோஸ் தன் அளவில்லாத இலவச சேமிப்பை 2021 ஜூன் 1-ஆம் தேதி நிறுத்தியது. அன்று முதல் ஏற்றும் படங்கள் 15 ஜிபி வரம்புக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும். படங்களை வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் பலருக்கு வந்ததில் வியப்பில்லை. அதற்குத் தோதாக காசாஓஎஸ், உம்ப்ரல், யூனோஹோஸ்ட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பழைய கணினியில் ஏற்றி அதை வீட்டு சர்வராக்கிவிட்டால், செல்போனில் ஆப் போடுவது போலப் படச் சேமிப்பையும் கோப்புப் பகிர்வையும் போட்டுக்கொள்ளலாம். நல்ல மென்பொருள்கள்தான். கோளாறு அவற்றைப் பரப்பும் விதத்தில் இருக்கிறது. ஒரே வரிக் கட்டளை, சில நிமிட வேலை என்று காட்டும் வீடியோக்கள் நிறுவும் நாளோடு முடிந்துவிடுகின்றன; சர்வர் வைத்திருப்பவரின் பாடு மறுநாள்தான் தொடங்குகிறது.

வத்தலக்குண்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோ, கல்யாண ஆல்பத்தைச் சென்னையில் உள்ள வாடிக்கையாளருக்குக் காட்ட இப்படியொரு சர்வர் வைப்பதாகக் கொள்வோம். கரண்ட் பில் பெரிய பாரமில்லை: 10 வாட் இழுக்கும் மினி பிசி இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டைத் தாண்டாது. ஆனால் நம் நாட்டில் பல பிராட்பேண்ட் இணைப்புகளுக்குத் தனி ஐபிவி4 முகவரி கிடையாது. ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். அதனால் வெளியிலிருந்து வருபவருக்கு அந்த சர்வர் எட்டாது. தனி முகவரிக்குப் பணம் கட்டலாம், அல்லது கிளவுட்ஃபிளேர், டெயில்ஸ்கேல் போன்ற நிறுவனங்களின் வழியாகப் போகலாம். கூடுதல் பணம் கட்டவோ இன்னொரு நிறுவனத்தை நம்பவோ வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்வதுதானே முறை? மின்வெட்டும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வத்தலக்குண்டு இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்தபோது கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் தாங்கும் நேரமல்ல அது.

இவற்றை விடப் பெரியது பராமரிப்பு. படங்களுக்காகப் பலரும் நிறுவும் இம்மிச் மென்பொருளில் படங்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கும்; ஆல்பங்களும் முகங்களுக்கு இட்ட பெயர்களும் தனியே ஒரு டேட்டாபேஸில் இருக்கும். ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தவரின் டிஸ்க் பழுதானால் படங்கள் மிஞ்சும், அடுக்கி வைத்த வேலை முழுக்கப் போய்விடும். இதை மட்டுமே நம்பிப் படங்களை வைக்காதீர்கள் என்று இம்மிச் குழுவே நெடுங்காலம் எச்சரித்துவந்தது. அந்த நேர்மை விளம்பரங்களுக்கு வரவில்லை. பாதுகாப்பும் பராமரிப்பில் சேரும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புச் சாதனங்கள் பலவற்றை யாரோ தொலைவிலிருந்தே அழித்தார்கள்; 2015-க்குப் பிறகு அவற்றுக்கு அப்டேட்டே வரவில்லை. 2022 ஜனவரியில் க்யூநாப் நிறுவனத்தின் சேமிப்புச் சாதனங்களில் இருந்த கோப்புகளை டெட்போல்ட் கும்பல் பூட்டிவிட்டு பிட்காயின் கேட்டது. இரண்டுமே, செருகினால் போதும் என்று நம்பி மக்கள் வாங்கிய பெட்டிகள்.

பெரிய நிறுவனங்களும் கணக்கை முடக்குகின்றன, கட்டணத்தை ஏற்றுகின்றன என்பார்கள். மறுக்க முடியாது, வீட்டு சர்வர் வேண்டும் என்று நான் நினைப்பதும் அதனால்தான். எளிது என்று சொன்னால்தானே புதியவர்கள் வருவார்கள் என்பது இன்னொரு வாதம். வருவார்கள், முதல் டிஸ்க் பழுதில் படங்களைத் தொலைத்துவிட்டுத் திரும்பியும் போவார்கள். வேறொரு கணினியில், வெறும் பேக்அப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக்காட்டும் வீடியோதான் புதியவருக்கு உதவும். முதல் சில மாதம் சர்வரை இணையத்துக்குத் திறக்காமல் வீட்டு வைஃபையோடு நிறுத்திக்கொள்ளலாம். டேட்டாபேஸையும் சேர்த்து எடுத்த நகல் ஒன்றை உறவினர் வீட்டில் வைக்கலாம். அந்த நகலை ஒருமுறை மீட்டுப் பார்க்கும் வரை கூகுளுக்குக் கட்டும் சந்தாவை நிறுத்த வேண்டாம்.