காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு இல்லை

1969-ல் சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்தவர் வி.பி. சித்தன். தோல் நோயோடு வந்த தொழிலாளர்களுக்காக மூலிகைகள் சேர்த்து வீட்டுச் சமையலறையிலேயே சோப்பு செய்தார். அதுதான் மெடிமிக்ஸ்.

இன்று சென்னையின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமும் குப்பைமேனி, ஆவாரம்பூ, ஆட்டுப்பால் என்று வீட்டில் சோப்பு செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள். “கெமிக்கலே கிடையாது” என்பதுதான் விளம்பரம். அங்கேதான் இடிக்கிறது.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் சோப்பாக மாற, ஏறக்குறைய 175 கிராம் காஸ்டிக் சோடா என்ற வேதிக்காரம் வேண்டும். அதைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் ஆறியதும் எண்ணெயில் விட்டு, தோசை மாவுப் பதம் வரும்வரை கலக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். மறுநாள் வில்லை போட்டு, நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட வைக்கிறார்கள். அளவு சரியாக இருந்தால் காரம் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும். கூடிப்போனால் தோல் எரியும்.

கடையில் கிடைக்கும் சோப்புக் கட்டியை உருக்கி, நிறமும் வாசனையும் சேர்த்து வார்ப்பது இன்னொரு வழி. சுலபம்தான், ஆனால் அதில் மூலிகையின் பங்கு பெரும்பாலும் பெயரளவுக்கே.

விற்பனைக்குச் சோப்பு தயாரிக்க 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் கட்டாயம். வாங்கும்போது உறையில் உரிம எண், தயாரிப்புத் தேதி, சேர்மானப் பட்டியல் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.