மறுக்க முடியாத முகங்கள்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள தேநீர்க் கடையில் மாலை வேளையில் அமர்ந்தால், அரசியலைவிட அதிகமாகச் சினிமாவே காதில் விழும். ‘எந்திரன்’ வரிசையில் மூன்றாம் படம் வந்தால் யார் நடிக்க வேண்டும் என்பது அங்கே முடிவு காணாத வழக்கு. அண்மையில் ஓர் இளைஞர் அதற்குத் தீர்ப்பே வழங்கிவிட்டார். “ரஜினிக்கு வயதானால் என்னங்க? ஏஐ இருக்கிறதே, முகத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்!” பக்கத்தில் இருந்த, பொம்மைக்கு அச்சு எடுக்கும் பெரியவர் அமைதியாகக் கேட்டார்: “அப்போ அது பொம்மைதானே, தம்பி?”

விளையாட்டாகக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அச்சும் பொம்மையும் அன்றாடப் புழக்கம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் கூழாகக் கரைத்த களிமண்ணை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, சுவரோரமாக மண் படிந்து இறுகும். எஞ்சிய கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால் பொம்மை தயார். முகம் அப்படியே இருக்கும், உள்ளே வெற்றிடம். ஓர் அச்சில் எத்தனை பொம்மை வார்ப்பது என்பதை முடிவு செய்பவர் அச்சுக்கு உரியவர்தான்.

திரைப்படத்தில் நடிகர் தேர்வு இதுவரை அப்படி நடந்ததில்லை. ‘எந்திரன்’ கதையையே எடுத்துக்கொள்வோம். முதலில் கமல்ஹாசனை வைத்துத் திட்டமிடப்பட்ட படம் அது, கைகூடவில்லை. பின்னர் ஷாருக் கானுடன் பேசப்பட்டு, 2007இல் அவரும் விலகினார். இறுதியில் ரஜினிகாந்த் ஏற்று நடிக்க, 2010 அக்டோபரில் படம் வெளியானது. 2018இல் வந்த ‘2.0’ படத்தின் எதிர்நாயகன் வேடத்துக்கு ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரிடம் பேசிப் பார்த்தார்கள். நடித்தவர் அக்‌ஷய் குமார். அவர் நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும், இவர் ஏன் விலகினார் என்று ரசிகர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். அந்த வாதங்கள் அனைத்துக்கும் அடியில் ஓர் எளிய உண்மை இருக்கிறது: நடிகர் ‘முடியாது’ என்று சொல்லக்கூடியவர். அந்த மறுப்பும் சேர்ந்தே ஒரு படத்தை உருவாக்குகிறது.

‘எந்திரன்’ படத்தில் விஞ்ஞானி வசீகரன் தன்னுடைய உருவத்திலேயே சிட்டியைப் படைப்பார். இறுதிக் காட்சியில் அதே முகம் நூற்றுக்கணக்கில் பெருகி நிற்கும். அன்று அறிவியல் புனைவாக ரசித்தது இன்று படப்பிடிப்புத் தளத்தின் தொழில்நுட்பம். ஒருவருடைய பழைய படங்களையும் காட்சிகளையும் கணினிக்குக் கொடுத்தால், ஒளியும் கோணமும் மாறும்போது அந்த முகம் எப்படி மாறும், உதடும் கண்ணும் எப்படி அசையும் என்பதை மென்பொருள் கற்றுக்கொள்கிறது. உடல்வாகு ஒத்த வேறொருவரை நடிக்கவைத்து, அவர் முகத்தின் மீது கற்றுக்கொண்ட முகத்தைப் பொருத்துகிறார்கள். குரலுக்கும் ஏறத்தாழ இதே முறைதான். உடலைத் தந்தவரின் பெயர் பெரும்பாலும் ரசிகர்களுக்குத் தெரியாது. முகத்துக்கு உரியவர் தளத்துக்கு வருவதே இல்லை.

இந்த விவாதத்தில் விருத்தாசலத்துக்குத் தனிப்பட்ட பங்கு உண்டு. 2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்துப் போட்டியிட்ட விஜயகாந்தின் கட்சிக்குக் கிடைத்த ஒரே வெற்றி இந்தத் தொகுதிதான். அவரையே நாங்கள் தேர்ந்தெடுத்தோம். 2023 டிசம்பர் 28இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் வெளியான விஜய்யின் ‘தி கோட்’ படத்தில் செயற்கை நுண்ணறிவு வழியே மீண்டும் திரையில் தோன்றினார். குடும்பத்தினரின் ஒப்புதலோடுதான் அது நடந்தது. 1993இல் ‘செந்தூரப்பாண்டி’ படத்தில் இளம் விஜய்யோடு சேர்ந்து நடித்துக் கைகொடுத்தவர் என்பதால், அந்தத் தோற்றத்தை நன்றிக்கடனாகவே பலர் கண்டார்கள். என் கண்களும் கலங்கின. ஆனால், வீடு திரும்பும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார்: “குடும்பம் சரி என்றது. கேப்டன் என்ன சொல்லியிருப்பார்?” விடை சொல்ல யாராலும் இயலவில்லை.

2025 ஆகஸ்டில் ‘கேப்டன் பிரபாகரன்’ மெருகேற்றப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. அங்கே நாம் கண்டது 1991இல் அவரே விரும்பி ஏற்று நடித்த நடிப்பு. பழைய நடிப்பைப் பாதுகாப்பது வேறு. ஒருவர் நடிக்காததை நடித்ததாகக் காட்டுவது வேறு. ரசிகர்கள் முதலில் உணர வேண்டிய வேறுபாடு இதுவே.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடிகரின் பதிவான நடிப்புக்கு 50 ஆண்டுகள் உரிமை தருகிறது. தன் நடிப்பு சிதைக்கப்பட்டுப் பெயருக்குக் களங்கம் வந்தால் எதிர்க்கும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. எனினும், அவர் நடிக்கவே நடிக்காத ஒரு காட்சிக்கு அந்தச் சட்டம் எழுதப்படவில்லை. தன் பெயரையும் பாணியையும் ஒரு படம் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வாழும் நடிகருக்கு அப்படி ஒரு காப்பு உண்டு. ஆனால், ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தலைவி’ படம் தொடர்பான வழக்கில் 2021இல் அதே நீதிமன்றம், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரது மறைவோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுச் சொத்தாகத் தொடர்வதில்லை என்றது. குடும்பத்திடம் அனுமதி கேட்பது நம் திரையுலகில் நல்ல வழக்கமாக இருக்கிறதே தவிர, தெளிவான சட்டக் கடமையாக இல்லை.

வாழ்பவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ படத்தின் முடிவு செயற்கை நுண்ணறிவால் மாற்றப்பட்டு வெளியானது. நாயகன் தனுஷும் இயக்குநர் ஆனந்த் எல்.ராயும் வெளிப்படையாக எதிர்த்தும் படம் ஓடியது.

அமெரிக்காவில் நடிகர் சங்கம் 2023இல் 118 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தது. நகலுருவம் தயாரிக்க நடிகரின் ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைத்த பிறகே அவர்கள் தளத்துக்குத் திரும்பினார்கள். மறைந்த கலைஞர்களின் நகலுருவத்துக்கும் வாரிசுகளின் ஒப்புதல் வேண்டும் என்று கலிஃபோர்னியா 2024இல் சட்டம் இயற்றியது.

தமிழ்நாட்டுக்கு இது இன்னும் அவசரமானது. வேறெங்கும் முகம் நுழைவுச்சீட்டை விற்கும். இங்கே வாக்கையும் கேட்கும். 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் மறைந்த முன்னாள் முதல்வர் மு.கருணாநிதி செயற்கை நுண்ணறிவு வழியே திரையில் தோன்றிப் பேசினார். விழா மேடைக்கும் தேர்தல் மேடைக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. ஒரு நடிகரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர்க்காரனாக, அவர் சொல்லாத வாக்குறுதியை அவர் முகமே சொல்லும் நாளை எண்ணி அஞ்சுகிறேன்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தன் முகத்தையும் குரலையும் பின்னாளில் பயன்படுத்தலாமா, எதற்கு, எத்தனை காலம் என்பதை ஒவ்வொரு நடிகரும் வாழும்போதே எழுதிவைக்க வேண்டும். துணை நடிகர்களுக்கும் இது பொருந்த வேண்டும். பேரம் பேசும் வலிமை அவர்களுக்குத்தான் குறைவு. கணினி உருவாக்கிய தோற்றம் என்பதைத் திரையில் தெரிவிப்பதும், உடலைத் தந்தவரின் பெயரைப் போடுவதும் கட்டாயமாக வேண்டும். எழுதிவைக்காமல் மறைந்தவர்களைப் பொறுத்தவரை, வாரிசுகள் ஒப்பினாலும் அரசியல் பிரச்சாரத்துக்கும் விளம்பரத்துக்கும் அவர்களைப் பயன்படுத்தக் கூடாது. இவற்றைக் கேட்கும் வலிமை ரசிகர்களிடம் இருக்கிறது. யார் நடிக்கலாம் என்று இரவு முழுக்க வாதிடுபவர்கள், ‘அவரைக் கேட்டீர்களா?’ என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

தேநீர்க் கடைப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பொம்மைக்கு விலை பேசும்போது பொம்மையிடம் யாரும் கேட்பதில்லை. மனுஷனிடம் கேட்டாக வேண்டும் அல்லவா?” என்றார்.